கடலுக்கும் ஓய்வு வேண்டும்

புனே நகரத்துக்குப் பக்கத்தில் ஹிஞ்சேவாடி என்ற ஊர் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர். கட்டட வேலைக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள்.

அப்படி வந்த இரண்டு பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். பெரியவர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்காரர். முன்பு விசைப்படகில் கூலிக்குப் போனவர். சின்னவர் தர்மபுரிக்காரர். கடலையே பார்க்காதவர். இது ஜூலை மாதம். ஞாயிற்றுக்கிழமை. இருவரும் மீன் வாங்கப் போனார்கள். வெறும் பையோடு திரும்பி வந்தார்கள்.

"என்ன அண்ணே, மீன் விலை இப்படி ஏறிக் கிடக்குது? போன மாசம்கூட இவ்வளவு இல்லையே."

"ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் இப்படித்தான் தம்பி. இந்தப் பக்கத்துக் கடலில் இப்போ தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது."

"மழைக்குப் பயந்தா?"

"மழை, புயல் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு. மீன் முட்டையிடும் காலத்தில் அதைப் பிடிக்கக் கூடாது."

"ரெண்டு மாசம் சும்மா இருந்தா மீன்காரர் குடும்பம் என்ன சாப்பிடும்? கடல் எவ்வளவு பெரிசு! அதில் மீன் தீர்ந்தா போகும்?"

"நல்ல கேள்வி கேட்டே தம்பி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைச்சேன்."

தம்பி கேட்டது இரண்டு கேள்விகள். கடலில் மீன் தீர்ந்து போகுமா? பிடிக்காமல் இருந்தால் மீன்காரர் என்ன செய்வார்? இரண்டுமே முக்கியமான கேள்விகள். இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

கரைக்கடல்

கடல் பெரியதுதான். ஆனால் கடல் முழுவதும் மீன் ஒரே அளவில் இருப்பதில்லை. கரையை ஒட்டிய கடலில்தான் மீன் அதிகம். ஏன் தெரியுமா?

ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கரைக்கடலில் சேர்க்கின்றன. அங்கே ஆழம் குறைவு. வெயில் அடிமட்டம்வரை போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் வளரும். அந்தப் பாசி சிறு உயிர்களுக்கு உணவு. சிறு உயிர்கள் மீனுக்கு உணவு. இறால், நண்டு, மட்டி, சிப்பி எல்லாம் வளரும் இடமும் இதுதான். மீன் குஞ்சுகளுக்கு இது தொட்டில் போன்றது.

சிறிய மீனவர்கள் பிழைப்பதும் இங்கேதான். கட்டுமரம், வள்ளம், நாட்டுப்படகு ஆகியவை வெகுதூரம் போக முடியாது. பெரிய விசைப்படகும் கரைக்கு அருகே வந்து இழுவை மடியால் அரித்தால் என்ன ஆகும்? குஞ்சும் போகும். நாட்டுப்படகுக்காரரின் பிழைப்பும் போகும்.

ஆகவே, கடல் பெரியது என்பதும் உண்மை. கரைக்கடல் சிறியது என்பதும் உண்மை. அங்கே அளவில்லாமல் பிடித்தால் வளம் குறையும். இதைக் கண்ணால் பார்த்த ஊர் ஒன்று உண்டு. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் உள்ளது. அங்கே போய்ப் பார்ப்போம்.

அஷ்டமுடியில் நடந்தது

கேரளத்தில் கொல்லம் நகரை ஒட்டி ஒரு பெரிய காயல் இருக்கிறது. அதன் பெயர் அஷ்டமுடிக் காயல். அஷ்டம் என்றால் எட்டு. காயல் எட்டுக் கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால் இந்தப் பெயர். கல்லடை ஆறு இந்தக் காயலில் கலக்கிறது. நீண்டகரை என்ற இடத்தில் காயல் கடலோடு சேர்கிறது. அங்கே உப்புநீரும் நன்னீரும் கலக்கின்றன. மட்டி வளர ஏற்ற இடம்.

மட்டி என்பது இரண்டு ஓடுகளுக்குள் வாழும் உயிர். மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடக்கும். மீனைப்போல ஓடித் தப்பிக்க அதற்கு வழியில்லை. அஷ்டமுடியில் கிடைக்கும் ஒருவகை மட்டியை அந்த ஊர் மக்கள் "மஞ்ஞக் கக்கா" என்கிறார்கள்.

ஆண்கள் சிறு வள்ளத்தில் போவார்கள். சிலர் முங்கிக் கையால் எடுப்பார்கள். சிலர் நீண்ட கழியில் கட்டிய வலைப்பையால் மணலை வாரி எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் மட்டியை வேகவைப்பார்கள். ஓடு திறந்துகொள்ளும். இறைச்சியைப் பிரித்து எடுப்பார்கள். இந்த வேலையில் பெண்களின் பங்கு அதிகம். இறைச்சி விற்பனைக்குப் போகும். ஓடும் வீணாகாது. அது சுண்ணாம்பு செய்ய உதவும்.

முதலில் இது உள்ளூர்த் தேவைக்கான தொழிலாக இருந்தது. 1980-களில் நிலைமை மாறியது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகள் மட்டி இறைச்சி கேட்டன. ஏற்றுமதி தொடங்கியது. கையில் காசு புழங்கியது. மேலும் மேலும் ஆட்கள் காயலில் இறங்கினார்கள்.

1991-ல் ஓர் ஆண்டில் சுமார் 10,000 டன் மட்டி எடுக்கப்பட்டது. ஒரு டன் என்பது 1000 கிலோ. எல்லாருக்கும் மகிழ்ச்சி. "காயல் அள்ள அள்ளக் குறையாது" என்று தோன்றியது.

ஆனால் குறைந்தது. 1993-ல் மட்டி வரத்து ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் இந்த நிலை! முங்குகிறவர் அதே நேரம்தான் முங்கினார். அதே பாடுதான் பட்டார். கூடையில் பாதிதான் நிறைந்தது. அதிலும் பல, வளராத பிஞ்சுகள்.

ஒரு சின்னக் கணக்கு

பிஞ்சு மட்டியை எடுப்பதில் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளர்ந்த மட்டியின் இறைச்சி 1400 எண்ணம் சேர்ந்தால் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஞ்சு மட்டியின் இறைச்சி அதில் பாதி எடைதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு எத்தனை பிஞ்சு வேண்டும்? 2800 வேண்டும்.

அதாவது அதே ஒரு கிலோவுக்கு இரண்டு மடங்கு உயிர் போகிறது. எடுக்கும் வேலையும் கூடுகிறது. பிரிக்கும் வேலையும் கூடுகிறது. விலையோ கூடுவதில்லை. அதோடு நஷ்டம் முடியவில்லை. அந்தப் பிஞ்சுகள் வளர்ந்திருந்தால் முட்டையிட்டிருக்கும். அடுத்த ஆண்டுக்கான மட்டி அதிலிருந்துதான் வந்திருக்கும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டால் அடுத்த பட்டத்துக்கு எதை விதைப்பது?

நான்கு விதிகள்

கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய நிலையம் இது. இதன் தலைமையிடம் முன்பு நம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971 முதல் கொச்சியில் இருக்கிறது. இந்த நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் அஷ்டமுடி மட்டியை ஆராய்ந்தார்கள். மட்டி எப்போது முட்டையிடுகிறது, எவ்வளவு நாளில் வளர்கிறது என்று பார்த்தார்கள். அதன்படி விதிகள் வந்தன.

ஒன்று: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதமும் மட்டி எடுக்கக் கூடாது. அது மட்டி பெருகும் காலம்.

இரண்டு: வலைப்பையின் கண் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்போதுதான் பிஞ்சுகள் கண் வழியே நழுவி மீண்டும் மணலுக்குப் போகும்.

மூன்று: ஏற்றுமதியாகும் இறைச்சி ஒரு கிலோவில் 1400 எண்ணத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதனால் வியாபாரி பிஞ்சை வாங்க மாட்டார். வாங்க ஆள் இல்லாவிட்டால் எடுக்கவும் ஆள் இருக்காது.

நான்கு: இயந்திரம் வைத்து மட்டி அள்ளக் கூடாது. கையால்தான் எடுக்க வேண்டும்.

இந்த நான்கும் எவ்வளவு எளிய விதிகள் பாருங்கள். கால ஓய்வு, வலைக்கண், அளவு, கைவேலை. இவ்வளவுதான். பலன் கிடைத்தது. காயலில் மட்டி மீண்டும் பெருகியது. வரத்து மறுபடி ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் அளவுக்கு வந்தது. எடுப்பவர், சுத்தம் செய்பவர், விற்பவர் என்று 3000 பேருக்கு மேல் இந்தத் தொழிலால் பிழைத்தார்கள்.

2014-ல் அஷ்டமுடி மட்டித் தொழிலுக்கு ஒரு பெருமை கிடைத்தது. மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்பது ஓர் உலக அமைப்பு. கடல் வளத்தை அழிக்காமல் நடக்கும் மீன்பிடிப்புக்கு அது சான்றிதழ் தருகிறது. இந்தியாவிலேயே முதன்முதலில் அந்தச் சான்றிதழைப் பெற்றது அஷ்டமுடி மட்டிதான். கையால் முங்கி எடுக்கும் ஏழைத் தொழிலாளிகள் பெற்ற பெருமை அது.

விதி யாருக்குச் சுமை?

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிடிக்காமல் இருந்தால் குடும்பம் என்ன சாப்பிடும்?

விதி போடுவது எளிது. அதைச் சுமப்பது கடினம். மூன்று மாதம் மட்டி எடுக்கவில்லை என்றால் மூன்று மாதம் மட்டிக் கூலி இல்லை. அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டும். கையிருப்பு உள்ளவர் காத்திருப்பார். இல்லாதவர் கடன் வாங்குவார். ஒருவர் மட்டும் விதியை மதித்து வீட்டில் இருக்கிறார். மற்றவர் இரவில் போய் எடுக்கிறார். அப்போது மதித்தவருக்கு என்ன தோன்றும்? "நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?" என்றுதான் தோன்றும்.

ஆகவே விதி நிலைக்க இரண்டு வேண்டும். முதலாவது, எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாவது, விதியைச் சுமப்பவருக்கு விதி செய்யும் இடத்தில் ஓர் இருக்கை வேண்டும். அஷ்டமுடியில் இதற்காக ஒரு குழு ஏற்பட்டது. மட்டி எடுப்பவர்கள், அதிகாரிகள், ஆராய்ச்சியாளர்கள் ஆகியோர் அதில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

நம் கடலில்

தமிழ்நாட்டில் 1983-ல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. அந்தப் பகுதி நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் உரியது. 3 கடல் மைல் என்பது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர்.

2001-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நிற்கும். ஹிஞ்சேவாடியில் ஜூலையில் மீன் விலை ஏறியதற்கு இதுதான் காரணம். மும்பை, ரத்னகிரி பக்கத்து விசைப்படகுகள் அப்போது கரையில் இருந்தன.

தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. தமிழ்நாட்டில் அது 5,000 ரூபாயாக இருந்தது. 2024-ல் 8,000 ரூபாயாக உயர்ந்தது. இந்தத் தொகை கிடைப்பது உரிமை. இதற்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பெயர் விடுபட்டால் மீன்வளத் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுத்தறிவு இங்கே நமக்குக் கை கொடுக்கும்.

தடைக்காலத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். படகைக் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். வண்ணம் பூசுவார்கள். வலை பின்னுவார்கள். ஓய்வு கடலுக்குத்தான். மனிதருக்கு ஓய்வு இல்லை.

சினை நண்டை விட்டுவிடுவோம்

மண்டபம், பாம்பன் பக்கத்தில் நீல நண்டு கிடைக்கும். இதை நண்டு வலை போட்டுப் பிடிக்கிறார்கள். வெளிநாட்டிலும் இதற்கு நல்ல விலை.

பெண் நண்டு முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். முதலில் முட்டை மஞ்சளாக, ஆரஞ்சு நிறமாக இருக்கும். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும்போது கறுத்துவிடும். ஒரு சினை நண்டின் வயிற்றில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அத்தனையும் நண்டாவதில்லை. பெரும்பகுதியை மீன்கள் தின்றுவிடும். மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் அடுத்த ஆண்டு நம் வலைக்கு வரும் நண்டு.

வலையில் சினை நண்டு உயிரோடு வந்தால் கால் ஒடியாமல் எடுத்துக் கடலில் விட்டுவிடலாம். ஒரு நண்டின் விலைதான் நஷ்டம். விடாவிட்டால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

ஓய்வு மட்டும் போதுமா?

அஷ்டமுடிக் கதை இன்னும் முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே மட்டி மறுபடியும் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த முறை அதிகம் பிடித்தது மட்டும் காரணம் இல்லை. காயலில் கழிவுநீர் சேர்கிறது. மழையும் வெயிலும் முன்போல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவகைச் சிப்பி காயலில் பரவி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது இந்த நாட்டு உயிர் இல்லை.

மட்டி நீரை உறிஞ்சி வடிகட்டித்தான் உணவு எடுக்கும். நீரில் அழுக்கு இருந்தால் அது மட்டியின் உடம்பில் சேரும். ஆகவே நீர் கெட்டால் மட்டி கெடும். மட்டி கெட்டால் தின்பவர் உடம்பும் கெடும்.

இப்போது ஆராய்ச்சி நிலையத்தார் விழிஞ்ஞத்தில் மட்டிக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். லட்சக்கணக்கில் அவற்றை அஷ்டமுடிக் காயலில் விட்டிருக்கிறார்கள். அவை வளர்ந்து பெருக வேண்டும். அதற்கு நீர் சுத்தமாக இருக்க வேண்டும். மட்டி எடுப்பவர் தம் பங்கைச் செய்தார். காயலில் கழிவு விடுபவரும் தம் பங்கைச் செய்ய வேண்டாமா? விதி மீனவருக்கு மட்டும் என்றால் அது நியாயம் ஆகாது.

வாங்குபவருக்கும் பங்கு உண்டு

கடலுக்குத் தொலைவில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? ஹிஞ்சேவாடியில் இருக்கும் அண்ணனும் தம்பியும்கூடச் செய்ய முடியும்.

மகாராஷ்டிர அரசு 2023-ல் 54 வகை மீன்களுக்குக் குறைந்த அளவு நீளம் வகுத்தது. அதற்குக் குறைவானதைப் பிடிக்கக் கூடாது. உதாரணமாக, வெள்ளை வாவல் 135 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதாவது பதின்மூன்றரை சென்டிமீட்டர். உள்ளங்கையை விடச் சின்னதாக வாவல் கண்டால், அது பிஞ்சு என்று அறிந்துகொள்ளுங்கள். மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நெத்திலி போன்ற மீன்கள் இயல்பிலேயே சிறியவை. அவற்றைச் சொல்லவில்லை.

தடைக்காலத்தில் கடல்மீன் விலை ஏறும். அப்போது ரோகு, கட்லா போன்ற குளத்து மீனை வாங்கலாம். கருவாடும் இருக்கிறது.

மட்டி வாங்கினால் ஓடு மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். தட்டினாலும் மூடாமல் திறந்தே கிடப்பது செத்த மட்டி. அதை ஒதுக்குங்கள். நன்றாக வேகவையுங்கள். வெந்த பிறகும் ஓடு திறக்காததைத் தின்னாதீர்கள்.

நினைவில் கொள்வோம்

கரைக்கடல் வளம் அளவுக்கு உட்பட்டது.
பிஞ்சைப் பிடிப்பது விதைநெல்லைத் தின்பதற்குச் சமம்.
பெருகும் காலத்தில் ஓய்வு கொடுத்தால் வளம் திரும்பும்.
ஓய்வின் சுமையை ஏழை மட்டும் சுமக்கக் கூடாது. நிவாரணம் அவர் உரிமை.
நீர் கெட்டால் எந்த விதியும் பலன் தராது.

கேள்விகள்

1. கரைக்கடலில் மீன் அதிகமாக இருப்பது ஏன்?
2. அஷ்டமுடியில் 1993-ல் என்ன நடந்தது?
3. அங்கே வந்த நான்கு விதிகள் யாவை?
4. தமிழ்நாட்டில் தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? எந்தத் தேதியில் முடிகிறது?
5. சினை நண்டை ஏன் விட வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு கடல் மைல் 1852 மீட்டர். 3 கடல் மைல் எத்தனை மீட்டர்?
2. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். தடைக்காலம் 61 நாள். ஒரு நாளுக்குச் சுமார் எத்தனை ரூபாய் வருகிறது? இது ஒரு குடும்பத்துக்குப் போதுமா? வகுப்பில் பேசுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் முன்பு நிறையக் கிடைத்து இப்போது குறைந்துபோன பொருள் எது? ஏரி மீனா, கிணற்று நீரா, காட்டு விறகா? ஏன் குறைந்தது? அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டுமானால் யார் யார் ஒன்றுசேர வேண்டும்? பேசியதை ஐந்து வரியில் எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

காயல் – கடலோடு சேர்ந்த உப்புநீர்ப் பரப்பு
தடைக்காலம் – மீன் பிடிக்கக் கூடாத காலம்
வலைக்கண் – வலையில் உள்ள ஓட்டை
இழுவை மடி – படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை
சினை – முட்டை சுமக்கும் நிலை
வரத்து – கரைக்கு வந்து சேரும் அளவு
நிவாரணம் – கஷ்ட காலத்தில் தரும் உதவித்தொகை